கார் பராமரிப்பு கேள்வி – பதில்: மங்கிய ஹெட்லைட்டை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

இந்த முறை கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். எல்லாமே ஹெட்லைட்டைப் பற்றியவை. இடவப்பாதியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, இடையில் சுள்ளென்ற வெயில், கரையோரம் முழுக்க உப்புக்காற்று. இப்படிப்பட்ட ஊரில் ஹெட்லைட் சீக்கிரம் கெடுவதில் வியப்பில்லை. பெரும்பாலான கோளாறுகளை வீட்டு முற்றத்திலேயே சரிசெய்துவிடலாம்.

கேள்வி: எங்கள் காருக்கு ஒன்பது வயது. இரண்டு ஹெட்லைட்டும் பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு வந்துவிட்டன. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது. இரண்டே மாதத்தில் முன்பைவிட மோசமாக மங்கிவிட்டது. நிலைத்து நிற்கிற மாதிரி ஏதாவது வழி உண்டா?
– வாசகர், குளச்சல்

பதில்: ஹெட்லைட் கண்ணாடி என்று நாம் பழக்கத்தில் சொல்வது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். சின்னக் கல் தெறித்தாலும் உடையாது. ஆனால் எளிதில் கீறல் விழும், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்காது. அதனால் தொழிற்சாலையிலேயே அதன்மேல் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய, கெட்டியான ஒரு காப்புப் பூச்சு போட்டுத்தான் அனுப்புகிறார்கள். பல வருட வெயிலில் அந்தப் பூச்சு நுண்ணிய வெடிப்பு விட்டு உரியத் தொடங்கும். அடியிலுள்ள பிளாஸ்டிக் வெளியே வந்து மஞ்சளாகும். டூத்பேஸ்ட்டில் உள்ள அரைப்புத்தூள் மேலே செத்துக் கிடந்த படலத்தைக் கொஞ்சம் சுரண்டியது, அதனால் பளிச்சிட்டது. மிச்சமிருந்த காப்பையும் சேர்த்துச் சுரண்டியதால்தான் முன்பைவிட வேகமாக மங்கியது. தேய்ப்பது பாதி வேலை. தேய்த்த இடத்தில் புதுக் காப்பு போடுவதுதான் மீதிப் பாதி, அதுதான் முக்கியமான பாதி.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு சின்னச் சோதனை. மங்கிய விளக்கின்மேல் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிவாகத் தெரிந்தால் கெட்டிருப்பது வெளிப்பரப்புதான், தேய்த்தால் சரியாகும். ஈரத்திலும் அதே மங்கல் இருந்தால் உட்புறத்தில் படலம் படிந்திருக்கிறது. பிளாஸ்டிக்கின் உள்ளாழத்தில் சிலந்திவலை போல நுண்வெடிப்புகள் தெரிந்தால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது, விளக்கை மாற்றத்தான் வேண்டும்.

வாங்க வேண்டியவை: ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள் (பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேளுங்கள்) 800, 1000, 1500, 2000, 3000 எண்களில் ஒவ்வொன்று (எண் ஏற ஏறத் தாள் நைஸாகும்). ஒரு தாளை நான்காகக் கிழித்தால் இரண்டு விளக்குக்கும் போதும். ஒரு அங்குல மாஸ்கிங் டேப் ஒரு சுருள். அரை லிட்டர் தெளிப்பான் பாட்டிலில் தண்ணீர், அதில் இரண்டு மூன்று சொட்டு ஷாம்பு. உள்ளங்கை அளவு ஸ்பாஞ்சுக் கட்டை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மி.லி. மைக்ரோஃபைபர் துணி நான்கு. கடைசியாகக் காப்புப் பூச்சு. அதில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ, அதைப் பொறுத்துத்தான் எந்த எண் வரை தேய்ப்பது என்பதும் மாறும். ஆகவே பூச்சை முதலில் முடிவு செய்யுங்கள்.

முதலில் விளக்கை நிறையத் தண்ணீர் விட்டு, ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். காய்ந்த துணியால் துடைக்கவே கூடாது. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் கலந்திருக்கிறது. உப்புத்தாள் செய்யவே பயன்படுகிற கடினமான கனிமம் அது. காற்றில் வந்து விளக்கில் ஒட்டியிருக்கும் மணலோடு காய்ந்த துணியால் துடைத்தால் நீங்களே கீறல் போட்டதாகத்தான் ஆகும். கழுவிய பின் விளக்கைச் சுற்றி பம்பர், பானெட் ஓரம், மட்கார்டு எல்லாவற்றிலும் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். உப்புத்தாள் ஒரே இழுப்பில் பெயின்டின் ஓரத்தை அறுத்துவிடும்.

800-ஆம் எண் தாளைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டு, ஸ்பாஞ்சில் சுற்றி, இடவலமாக மட்டும் தேயுங்கள். அழுத்தம் வேண்டாம், கையின் எடையே போதும். தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருங்கள். காய்ந்த நிலையில் தேய்த்தால் பிளாஸ்டிக் சூடேறித் தாளில் உருண்டை கட்டும், அந்த உருண்டை ஆழமான கோடு போடும். முதலில் வழிகிற நீர் மஞ்சளாக இருக்கும், அது பழைய பூச்சு. நீர் பால்போல வெள்ளையாக மாறினால் பூச்சு முழுவதும் போய்விட்டது என்று பொருள். அதற்குமுன் நிறுத்தினால், பழைய பூச்சு வரைபடத்து எல்லைக்கோடு மாதிரித் திட்டுத்திட்டாக நிற்கும். மேலே எதைப் பூசினாலும் அந்தத் திட்டின் ஓரத்திலிருந்துதான் உரியத் தொடங்கும். வீட்டில் செய்கிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கை வலிக்கிறது என்று அடுத்த தாளுக்குத் தாவிவிடுகிறார்கள். 800-க்குச் செலவாகும் நேரம்தான் மொத்த வேலையில் அதிகம், ஒரு விளக்குக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகலாம்.

அடுத்து 1000, இந்த முறை மேலும் கீழுமாக. கீழே சொல்லும் முதல் வகைக் காப்பென்றால் இதோடு நிறுத்துங்கள். அதற்கடுத்து 1500, மறுபடி இடவலமாக. இப்படித் திசையை மாற்றிக்கொண்டே போனால் முந்தைய தாளின் கோடு போய்விட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு தாளுக்கும் இடையில் விளக்கையும் ஸ்பாஞ்சையும் நன்றாகக் கழுவுங்கள். 800-இன் ஒரே ஒரு துகள் 2000-க்குள் போனால் அத்தனை உழைப்பும் வீண். இந்தக் கட்டத்தில் விளக்கு உறைந்த பனிக்கட்டி மாதிரி வெளுத்துத் தெரியும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும்.

இனி காப்பு. மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, ஹார்ட்னர் (இறுகவைக்கும் பொருள்) கலந்த டூ-கே யுவி கிளியர் ஸ்பிரே, அதாவது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் இரு பாக நிறமற்ற பூச்சு. இதுதான் அதிக நாள் உழைக்கும். இதற்கு 1000 எண்ணோடு நிறுத்திவிடுங்கள், பாலிஷ் போடாதீர்கள். வழவழப்பான பரப்பில் கிளியர் பிடிக்காது. அந்த நுண்கோடுகளைக் கிளியரே நிரப்பித் தெளிவாக்கிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, விரல் படாமல், 20 முதல் 25 செ.மீ. தூரத்திலிருந்து முதல் கோட்டை வெறும் மூடுபனி போல அடியுங்கள். முதல் கோட்டைக் கனமாக அடித்தால் அதிலுள்ள கரைப்பான் பாலிகார்பனேட்டை அரித்து வெடிக்கச் செய்யும். பத்து நிமிடம் விட்டு இரண்டாவது, மறுபடி பத்து நிமிடம் விட்டு மூன்றாவது, இவற்றை ஓரளவு ஈரமாக அடிக்கலாம். ஹார்ட்னரைக் கலக்க டின்னின் அடியிலுள்ள பொத்தானை அமுக்கிய பிறகு பூச்சு சில மணி அல்லது ஓரிரு நாளில் உள்ளேயே உறைந்துவிடும், ஆகவே இரண்டு விளக்கையும் தயார் செய்துவிட்டு அமுக்குங்கள். இதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைப் பாதிக்கும். ரசாயன ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். துணி மாஸ்க் எதற்கும் உதவாது. திறந்த வெளியில், குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோதுதான் அடிக்க வேண்டும்.

இரண்டு, துணியால் தடவும் ஹெட்லைட் காப்பு. ஒரு விளக்குக்கு 5 மி.லி. போதும். இதற்கு 3000 வரை போய், பிறகு ரப்பிங் காம்பவுண்டால் பாலிஷ் போட்டுத் தெளிவாக்க வேண்டும். டிரில்லில் ஃபோம் மாட்டிச் செய்தால் வேகம் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு மேல் போகாமல், ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்துங்கள். சூடேறினால் பிளாஸ்டிக் கருகி, அதன் தடம் நிலைத்துவிடும். காப்பை ஒரே திசையில், விட்ட இடத்தில் திரும்பத் தடவாமல் இழுத்துவிடுங்கள்.

மூன்று, பெயின்டைக் காக்க ஒட்டுகிற ஒளிபுகும் பிபிஎஃப் பிலிம். 3000 வரை தேய்த்துத் தெளிவாக்கிய விளக்கில் ஷாம்புத் தண்ணீர் தெளித்து ஒட்டி, ரப்பர் தகட்டால் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். வளைந்த மூலைகளில் ஹேர் டிரையர் காட்டி நீட்டிக்கொள்ளுங்கள். புகையும் இல்லை, ஆபத்தும் இல்லை. சில வருடம் கழித்து மங்கினால் பிலிமை மட்டும் உரித்து மாற்றலாம். முதன்முறை செய்கிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான்.

வெறும் கார் வேக்ஸ் ஓரிரு மாதத்தில் கழுவிப் போய்விடும், அது காப்பாகாது.

குளச்சலில் இருக்கும் உங்களுக்கு நேரமும் முக்கியம். மழை இல்லாத நாளில், காலை பத்து மணிக்குமேல் தொடங்கி மதியத்துக்குள் பூச்சை முடித்துவிடுங்கள். மதியத்துக்குப் பிறகு கடற்காற்று ஏறும், ஈரப் பூச்சில் உப்பும் மணலும் வந்து உட்காரும். ஈரப்பதம் மிகுந்த நாளில் கிளியர் பால்நிறமாகும், குமிழியும் விடும். நேர் வெயிலிலும் அடிக்காதீர்கள். முடித்தபின் 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது.

கேள்வி: கொசு விரட்டும் ஸ்பிரேயை அடித்துத் துடைத்தால் ஒரே நிமிடத்தில் ஹெட்லைட் புதுசாகிறது என்று வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?
– வாசகி, கருங்கல்

பதில்: செய்யாதீர்கள். அந்த ஸ்பிரேக்களில் பலவற்றில் டீட் என்னும் ரசாயனம் இருக்கிறது. அது பாலிகார்பனேட்டைக் கரைத்து இளக்கும். மேல்தோல் இளகி வழிந்து கீறல்களை மூடுவதால் அந்த நிமிடம் பளபளக்கிறது. பிறகு ஒட்டும் தன்மையோடு இறுகி, தூசியைப் பிடித்து, வெடிப்பு விடும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் மூன்றுக்கும் இதே தடை. துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மட்டும் போதும்.

கேள்வி: சாரல் தொடங்கினால் போதும், வலது ஹெட்லைட்டுக்குள் வெள்ளம் (தண்ணீர்) கோர்த்துவிடுகிறது. தெரிந்த மெக்கானிக் அடியில் ஒரு ஓட்டை போட்டால் வடிந்துவிடும் என்கிறார். போடலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: ஓட்டை வேண்டாம். அந்த வழியாக வடிவதைவிட ஏறுவது அதிகம். முன்சக்கரம் வாரியடிக்கிற சேறும் தூசியும் உள்ளே போய் ரிஃப்ளெக்டரில் படியும், அதை எந்தத் துணியாலும் எடுக்க முடியாது. ரிஃப்ளெக்டரின் பளபளப்பு காற்றில்லா அறையில் ஆவியாக்கிப் படியவைத்த மிக மெல்லிய அலுமினியப் படலம். விரலால் தடவினாலே கையோடு வந்துவிடும். மை தீட்டின மாதிரித் திட்டு விழுந்த ரிஃப்ளெக்டரை வெள்ளி பெயின்டால் மீட்கவும் முடியாது.

ஓரத்தில் மெல்லிய ஆவி மட்டும் படிந்து, விளக்கைப் போட்டு 20, 30 நிமிடத்தில் மறைந்துவிட்டால் அது கோளாறு இல்லை. எரியும்போது உள்ளே காற்று விரிந்து, அணைந்ததும் சுருங்கும். அதற்காகவே பின்புறத்தில் சின்ன மூச்சுத் துளைகள் வைத்திருக்கிறார்கள். மழைநாளில் அந்த வழியாக ஈரக்காற்று உள்ளே வரத்தான் செய்யும். ஆனால் சொட்டாகக் கோர்ப்பதும் அடியில் தேங்குவதும் கசிவு.

கசிவைத் தேட ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் பல்பின் பின்னாலுள்ள ரப்பர் மூடி. பல்பு மாற்றிய கையோடு அதைச் சரியாக உட்கார வைக்காமல் விட்டிருப்பார்கள். எல்இடி பல்பு மாட்டியவர்கள், அதன் விசிறி இடிக்கிறது என்று மூடியையே எடுத்துப் போட்டிருப்பார்கள். கசியும் விளக்குகளில் பலவும் இங்கேயே முடிந்துவிடும். அடுத்து மூச்சுத் துளையின் ரப்பர் குழாய் கழன்றிருக்கிறதா, சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதுதான் கண்ணாடியும் கறுப்பு உடலும் சேரும் விளிம்பு.

விளிம்பைச் சோதிக்க விளக்கைக் கழற்ற வேண்டும். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றிவிடுங்கள். பல கார்களில் பம்பரின் மேல் கிளிப்புகளை எடுத்தால்தான் கடைசி போல்ட் தெரியும். வெளியே எடுத்து, எல்லாத் துளைகளையும் டேப்பால் அடைத்து, ஒரு மூச்சுத் துளையில் மட்டும் சின்னக் குழாயைச் செருகி வாயால் ஊதுங்கள். விளிம்பில் சோப்புத் தண்ணீரைத் தடவியிருந்தால் கசியும் இடத்தில் குமிழி வரும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரைக் கொண்டு ஊதக் கூடாது, நல்ல இடமும் பிளந்துகொள்ளும்.

உள்ளே உள்ள ஈரம் முழுவதும் போன பிறகே அடைக்க வேண்டும். பல்புகளைக் கழற்றி, பின்துளைகள் கீழே பார்க்க வைத்து, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள். சேற்று நீர் புகுந்திருந்தால் முதலில் அரை லிட்டர் பேட்டரி வாட்டரை (உப்பு நீக்கிய தண்ணீர், ஆசிட் அல்ல) ஊற்றிக் குலுக்கி வடித்துவிடுங்கள். குழாய் நீர் காய்ந்தால் கறை விடும். இரவு முழுக்க இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போட்டு வைக்கலாம், ஆனால் காலையில் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். பிறகு விளிம்பை ஆல்கஹாலால் துடைத்து, 3 மி.மீ. கனத்தில் சிலிக்கான் இழுத்து 24 மணி நேரம் விடுங்கள். எந்த சிலிக்கான் என்பதில் கவனம் வேண்டும். வினிகர் வாடை அடிக்கிற வகையை வாங்காதீர்கள். அது இறுகும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலம் ரிஃப்ளெக்டரின் அலுமினியத்தை அரிக்கும். டியூபில் நியூட்ரல் க்யூர் என்று போட்டிருக்க வேண்டும். மூச்சுத் துளையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடைத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஹெட்லைட் இரண்டும் புதிது. கண்ணாடி பளிங்கு மாதிரி இருக்கிறது. ஆனாலும் இரவில் வெட்டம் (வெளிச்சம்) போதவில்லை. 100 வாட் பல்பு போடச் சொல்கிறார்கள்.
– வாசகர், முட்டம்

பதில்: பல்பை மாற்றுவதற்கு முன், இப்போதுள்ள பல்புக்கு முழு வோல்ட்டேஜ் போகிறதா என்று பாருங்கள். ஹாலஜன் பல்பில் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். முட்டம் மாதிரிக் கடலோர ஊரில் இதுதான் முதல் சந்தேகம். உப்புக்காற்று செம்பு முனைகளில் பச்சைக் களிம்பை ஏற்றும், அந்தக் களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும். 55 வாட் பல்பு சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். வழியில் வெறும் 0.2 ஓம் தடை சேர்ந்தாலே கிட்டத்தட்ட ஒரு வோல்ட் காணாமல் போகும்.

சாதாரண மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஓடவிட்டு லோ பீமைப் போடுங்கள். பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்க வேண்டும். பிறகு மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும், கறுப்பு முனையைப் பல்பு சாக்கெட்டின் லோ பீம் முனையிலும் வையுங்கள், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே. காட்டுகிற எண்தான் வழியில் இழந்த வோல்ட்டேஜ். 0.3 வரை பரவாயில்லை. அடுத்து கறுப்பைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பைப் பல்பின் எர்த் முனையிலும் வையுங்கள். அங்கே 0.2-க்கு மேல் இருந்தால் எர்த் கெட்டிருக்கிறது. பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் முழு வோல்ட்டேஜும் காட்டி ஏமாற்றும், மின்னோட்டம் இருக்கும்போதுதான் இழப்பு தெரியும்.

எர்த் கெட்டிருந்தால் ஹெட்லைட்டுக்குப் பின்னால் பாடியில் இறுக்கியிருக்கும் எர்த் போல்ட்டைக் கழற்றி, லக்கையும் (ஒயர் முனையிலுள்ள உலோக வளையம்) தகட்டையும் உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கிவிட்டு அதன்மேல் வாஸ்லின் பூசுங்கள். ஒயரின் முனையில் செம்பு கறுத்திருந்தால் பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டிப் புது லக் போட வேண்டும். பழுப்பேறி உருகிய சாக்கெட்டைத் தேய்த்துப் பயனில்லை, செராமிக் சாக்கெட்டாக மாற்றிவிடுங்கள்.

பாசிட்டிவ் பக்கம் இழப்பு அதிகமென்றால், பழைய கார்களில் ஹெட்லைட்டின் மொத்த மின்னோட்டமும் ஸ்டீயரிங் சுவிட்ச் வழியாகப் போய்வருவதுதான் காரணமாக இருக்கும். இதற்கு வழி ரிலே, அதாவது சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். 12 வோல்ட் 30 ஆம்பியர் ரிலே இரண்டு வேண்டும், லோவுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் முனை. 87-ஆம் முனையிலிருந்து பல்பு. பழைய சாக்கெட்டிலிருந்து வரும் ஒயர் 85, 86-க்கு, ரிலேயைத் தட்டிவிட மட்டும். சில கார்களில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும், வரைபடம் பார்க்காமல் வெட்டாதீர்கள். விளக்கைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிற புதிய கார்களில் இந்த வேலையை வீட்டில் தொட வேண்டாம்.

100/90 வாட் (ஹை பீமுக்கு 100, லோ பீமுக்கு 90) பல்பு? 90 வாட் இழுக்கும் 7.5 ஆம்பியரால் அதே ஒயரில், அதே களிம்பில் உண்டாகும் சூடு இரண்டரை மடங்குக்கு மேல். சாக்கெட் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும். வயரிங் சுத்தமாக இருந்தால் 60/55 வாட் பல்பே போதிய வெட்டம் தரும். மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள். பல்பின் கண்ணாடியைத் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடேறி, பல்பு சீக்கிரம் போகும். தொட்டுவிட்டால் ஆல்கஹாலால் துடைத்து மாட்டுங்கள்.

கேள்வி: ஹாலஜன் இருந்த இடத்தில் எல்இடி பல்பு மாட்டினேன். எதிரே வருகிறவர்கள் எல்லாரும் லைட்டை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள்.
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: அவர்கள் கண் கூசுகிறது. எச்-4 பல்பில் (லோ, ஹை இரண்டு இழையும் ஒன்றாக உள்ள வகை) லோ பீம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். ரிஃப்ளெக்டரின் வளைவு, அந்த இழை நிற்கிற இடத்தைக் கணக்கிட்டே வடிக்கப்பட்டது. எல்இடி சில்லு ஓரிரு மி.மீ. தள்ளி உட்கார்ந்தாலும், தடித்திருந்தாலும் வெளிச்சம் மேலே சிதறும். உங்களுக்கு முன்னால் ரோடு வெள்ளையாகத் தெரியும், தூரத்தில் ஒன்றும் தெரியாது. வாகனம் தயாரித்தவர் கொடுத்த விவரத்திலிருந்து மாற்றக்கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் சொல்கிறது. களியக்காவிளை ரோட்டில் இரவு நடந்து போகிறவர்களையும் இருசக்கர வண்டிக்காரர்களையும் நினைத்துக் கேட்கிறோம், ஹாலஜனுக்கே திரும்பிவிடுங்கள்.

கேள்வி: ஆட்டோ இடித்ததில் ஹெட்லைட்டைக் காரில் முடுக்கும் மேல் காது முறிந்துவிட்டது, கண்ணாடியில் இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். ஃபெவிக்விக் மாதிரிப் பசை போட்டேன், காது நிற்கவில்லை. முழு விளக்கு அசெம்பிளியை வாங்காமல் தப்ப முடியுமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: பெரும்பாலும் முடியும். காது நிற்காததற்குக் காரணம் பிளாஸ்டிக்கின் வகை. விளக்கின் பின்புறத்தில் ஆங்கில எழுத்தில் பிபி என்று தொடங்கும் குறி அச்சாகியிருக்கும். அது பாலிபுரொப்பிலீன். அதில் எந்த உடனடிப் பசையும் எபாக்சியும் பிடிக்காது, உருக்கி ஒட்டத்தான் வேண்டும். முறிந்த இரண்டு துண்டையும் சரியாகப் பொருத்தி டேப்பால் கட்டி, 60 வாட் சால்டரிங் அயர்னால் விரிசலின் மேல் கனத்தில் பாதி ஆழத்துக்கு உருக்கிக் கலக்குங்கள். மெல்லிய ஸ்டீல் வலைத்துண்டு ஒன்றை அதில் அமுக்கிப் புதைத்து, அதே பிபி வகைக் குச்சியை உருக்கி மேலே மூடுங்கள். ஆறிய பிறகு மறுபக்கமும் அப்படியே. ஒரு பக்கம் மட்டும் செய்தால் இன்ஜின் அதிர்வில் ஒரு மாதத்தில் விட்டுவிடும். துண்டு தொலைந்திருந்தால் 2 மி.மீ. அலுமினியப் பட்டையை வளைத்து, துருப்பிடிக்காத ஸ்க்ரூவால் உடலில் முடுக்கலாம், ஸ்க்ரூ உள்ளே துளைத்துப் போகாத இடமாகப் பார்த்து. புகையை முகராதீர்கள்.

விரிசல் விளிம்பைத் தொடாமல் இருந்தால் சரிசெய்யலாம். விரிசலின் இரு முனையிலும் 2 மி.மீ. துளையைக் கையாலேயே மெதுவாகப் போடுங்கள், விரிசல் மேலே ஓடாமல் நிற்கும். ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, தெளிவான இரு பாகம் கலக்கும் எபாக்சியை வெளியிலிருந்து நிரப்பி 24 மணி நேரம் விடுங்கள். உடனடிப் பசையைக் கண்ணாடியில் போட வேண்டாம், அதன் ஆவி சுற்றிலும் வெள்ளைப் படலமாகப் படியும். எபாக்சியும் வெயிலில் மஞ்சளாகும், ஆகவே 2000, 3000 போட்டு மட்டம் செய்து மேலே பிபிஎஃப் பிலிம் ஒட்டிவிடுங்கள். உங்கள் விளக்கு ஆலையிலிருந்தே செனான் வகையாக வந்ததென்றால் இவை எதையும் செய்யாதீர்கள். பற்றவைக்கும்போது அதில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும்.

கேள்வி: பழைய ஜீப்பின் வட்ட ஹெட்லைட்டும் மங்கிவிட்டது. அதையும் உப்புத்தாளால் தேய்க்கலாமா?
– வாசகர், பூதப்பாண்டி

பதில்: அது உண்மையான கண்ணாடி. மஞ்சளாகாது, தேய்த்தால் கெடும். மங்கல் ரிஃப்ளெக்டரில் இருக்கும். வட்ட விளக்கு தனியாகக் கிடைக்கிறது, மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஹெட்லைட்டைக் கழற்றி மாட்டிய பிறகு வெளிச்சம் தென்னை மண்டையில் அடிக்கிறது. எப்படி இறக்குவது?
– வாசகர், ராஜாக்கமங்கலம்

பதில்: நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும், ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், டேஷ்போர்டில் உயரம் மாற்றும் சக்கரம் இருந்தால் 0-வில் வையுங்கள். மட்டமான தரையில், சுவருக்கு நேராக 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஹெட்லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். 70 செ.மீ. என்றால் 70-இல். அதற்கு 5 செ.மீ. கீழே, 65-இல் இன்னொரு டேப்.

லோ பீமைப் போட்டு ஒரு விளக்கின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு மற்றதைப் பாருங்கள். ஹாலஜன் விளக்கின்மேல் துணி போட்டு மறைத்தால் சூட்டில் கண்ணாடி கெடும், ஆகவே சாக்கெட்டைக் கழற்றுவதே நல்லது. வெளிச்சத்தின் மேல் விளிம்பு வலப்பக்கம் மட்டமாகவும் இடப்பக்கம் கொஞ்சம் ஏறியும் தெரியும். நாம் இடதுபுறம் ஓட்டுவதால் ஓரத்தில் நடப்பவர்கள் தெரிய அப்படி வைத்திருக்கிறார்கள். மட்டமான பகுதி கீழ் டேப்பில் உட்காரும்வரை விளக்கின் பின்னாலுள்ள திருகைத் திருப்புங்கள், கால் சுற்றாக. இரண்டு திருகு இருந்தால் ஒன்று மேல்கீழ், மற்றது இடவலம். எது எது என்று தெரியாவிட்டால் ஒன்றைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்துவிட்டு அதே அளவு திருப்பி வையுங்கள்.

5 மீட்டருக்கு 5 செ.மீ. இறக்கினால், 70 செ.மீ. உயரத்து விளக்கின் வெளிச்சம் 70 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். 10 செ.மீ. இறக்கிவிட்டால் 35 மீட்டரிலேயே முடிந்துவிடும், 60 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டியை நிறுத்துவது கடினம். டிக்கியில் நாலைந்து வாழைக்குலை ஏற்றும் நாளில் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும். அப்போது உயரச் சக்கரத்தை 2-க்கோ 3-க்கோ திருப்பி, இறக்கியதும் மறுபடி 0-வுக்குக் கொண்டுவாருங்கள்.